பூவந்தியின் வலக்கையைக் குறித்து நெடுவாய்க் கணவாய்க்கு விடுத்த ஓலை

குன்றுகள் நிலைத்திருக்க. யாறுகள் வற்றாதிருக்க. அவற்றின் நடுவே வாழும் உயிர்கள் அச்சமின்றிக் கண்ணுறங்குக.

வெண்குன்ற நாட்டின் காவலரும், மலைவழிகள் அனைத்துக்கும் உரியவரும், இரந்தோர்க்கும் எதிர்த்தோர்க்கும் ஒரே முகம் காட்டுபவருமாகிய மாமன்னர் குன்றமெடுத்த பெருமானார் திருவுளப்படி, பேரமைச்சன் வேளான் மாராயன் எழுதுவித்த ஓலை. நெடுவாய்க் கணவாயின் கோட்டைத் தலைவரும், மேற்கெல்லையின் தாழும் திறவுகோலும் ஆனவருமாகிய எயினன் மலையரையர் காண்க. உமக்கும் உம் வீரருக்கும், கணவாய்ச் சந்தையில் கடைவிரிக்கும் வணிகருக்கும், அவர்தம் சுமை தாங்கும் கோவேறு கழுதைகளுக்கும் நலமே விளைக.

அரச ஓலையை முதல் எழுத்திலிருந்து இலச்சினை வரை கோட்டை வாசலில் நின்று உரக்கப் படித்து முடிக்கும்வரை கதவின் தாழைத் தொடவிடாதவர் நீர் என்பது நாடறிந்த செய்தி. அதை மெச்சி மாமன்னரின் தந்தையார் உமக்குப் பொற்பூ அணிவித்ததும் நினைவில் உண்டு. அந்தப் பொறுமையை நம்பியே இவ்வோலையைச் சற்று நீட்டி எழுதுகிறோம். இங்கோ பொறுமை என்பது மருந்துக்கும் இல்லை. இருக்கையில் அமர மனம் ஒப்பாமல் இவ்வமைச்சன் மண்டபத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே சொல்ல, ஓலை எழுதுவோன் எழுத்தாணியோடு பின்தொடர்ந்து நடந்தே எழுதுகிறான். எழுத்துக் கோணினால் பொறுத்தருள்க.

நீர் கட்டி அனுப்பிய பெண் வந்து சேர்ந்தாள். குற்றம் புரிந்தவரும் குற்றக் கருவியும் ஒரே வழியில் வரலாகாது என்னும் விதியைத் தவறாமல் காத்து, பனி உமிழும் மந்திரக் கோலாகிய பனிக்கோலைப் பூட்டிய பெட்டியில் ஆற்றுவழியே சுற்றி அனுப்பினீர், அதுவும் வந்தது. மந்திரம் ஓதாத கையால் அரசின் மந்திரக் கருவியை இயக்கிய பூவந்திக்கு, அக்கையைத் துணிக்க இசைவு தருமாறும், கோலோடு புதிய ஆசான் ஒருவரை விரைந்து அனுப்புமாறும் கேட்டிருந்தீர். துணிப்பதற்கான கட்டையை முற்றத்தில் முன்னதாகவே நட்டு வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர். உமது முன்யோசனையை மெச்சுவதற்கில்லை.

இனி எழுதுவதில் பாதி நீர் அறிந்ததே. எனினும் இவ்வோலையின் நகல் மந்திரச் சபையாரின் அவையிலும் வாசிக்கப்படும் ஆதலால், அடியிலிருந்தே சொல்கிறோம்.

மாமன்னரின் பாட்டனார் காலத்தில் ஆசான்மார் இருவர் பனிக்கோல் எனக்கே, உனக்கே என்று மதில்மேல் மல்லுக்கட்ட, அந்த இடைவெளியில் தீ உமிழும் சிறகு விலங்காகிய தீயாளி வந்து கணவாயைக் கரியாக்கிவிட்டுப் போனது. அன்று பிறந்தது மடிக்காவல். மந்திரக் கருவி எதுவாயினும், மந்திரம் அறிந்தோர் வசம் அது தங்கலாகாது. மந்திரத்தில் ஓர் எழுத்தும் அறியாத ஒருவர் அதைக் கையில் பற்றியபடியே உறங்கிக் காக்க வேண்டும். ஆசான் எடுத்துச் செல்லும்போதும் கருவியில் கட்டிய காப்புக் கயிற்றின் மறுமுனையைக் காவலர் விடாமல் பிடித்துப் பின்னே நிற்க வேண்டும். மந்திரம் அறியாதவருக்கு அது வெறும் விறகுக் கட்டை, ஆகவே களவும் இல்லை, சண்டையும் இல்லை என்று அன்றைய பெரியோர் எண்ணினர். நல்ல எண்ணம்தான்.

பூவந்தி கழுதை ஓட்டும் குடியில் பிறந்தவள். ஓரிடத்தில் கால் தரிக்காதவள். பூனை நடந்தாலும் விழித்துக்கொள்ளும் உறக்கம் அவளுக்கு என்று கேள்விப்பட்டு, அந்த ஒரு தகுதிக்காகவே உமக்கு முன்னிருந்த தலைவர் அவளைக் கோல் அறையில் அமர்த்தினார். வெயிலும் காற்றும் இல்லாத அந்தக் கருங்கல் அறைக்குள் அவள் எப்படிக் காலம் தள்ளினாள் என்று அவைமுன் கேட்டபோது, அறைக்குள்ளேயே நடந்து நடந்து தரையில் தடம் விழுந்துவிட்டது என்றாள். உறங்கும்போது கோல் வலக்கையில் இருக்கும். விழிக்கும்போது உள்ளங்கை சில்லிட்டு மரத்திருக்கும். வாதநோய் என்று கருதி உமது கோட்டை மருத்துவரிடம் போனாள். அவரும் நாடி பார்த்து, வாதமே என்று உறுதிசெய்து, எண்ணெய் கொடுத்தனுப்பினார். அந்த மருத்துவரை நாம் நேரில் காண விரும்புகிறோம், அவசரமில்லை.

தீயாளி வந்த அன்று கோடைச் சந்தை. ஆசான் அமலநாதர் மூச்சிரைக்க ஓடிவந்து கோலைக் கேட்டார். காப்புக் கயிறு கதவின் கொண்டியில் சிக்கிக்கொள்ள, முடிச்சை அவிழ்க்கப் பொழுதின்றிக் கயிற்றை அறுத்துக்கொண்டு மதிலேறினார். அறுந்த கயிற்றின் முனை கையில் தொங்க, படியடியில் பூவந்தி நின்றாள். மேலே ஆசான் மந்திரத்தை ஓதி முடித்தார், மறுபடி ஓதினார், குரல் கம்மும்வரை ஓதினார். கோல் அசைந்து கொடுக்கவில்லை. வெளியே வைக்கோற் பந்தல்கள் பற்றிக்கொண்டன. கழுதைகளை அவிழ்க்க முடியாமல் அவற்றின் நடுவே மாட்டிக்கொண்டவர்களில் பூவந்தியின் கணவன் கோடனும் ஒருவன். கூக்குரல் கேட்டு மதிலேறியவள் அவனைக் கண்டாள்.

அதன்பின் நடந்ததை அவள் சொல்லிலேயே எழுதச் சொன்னோம்: “அங்க அவர் கழுதை கழுத்தைக் கட்டிக்கிட்டு நிக்கிறாருங்க. இங்க ஆசான் ஐயா தொண்டை கிழியப் பாடுறாரு. எனக்கு நிக்க முடியலே. கோலைக் கொடுங்கன்னு கேட்டேனா, பிடுங்கினேனா, அதுவே எனக்கு நெனவில்லீங்க. கை போய்ப் பிடிச்சிருச்சு, அவ்வளவுதான்.”

ஆசானின் மந்திரம் பாதியில் நிற்க, அவள் பிடித்த கணத்தில் கோல் பனிமூச்சு விட்டது. பந்தல்களின் தீ அவிந்தது. தீயாளியின் இடச்சிறகு உறைபனியால் விறைக்க, அது சாய்ந்து சாய்ந்து மேற்குச் சரிவுக்குத் திரும்பியது. சந்தையில் எவரும் சாகவில்லை. நீர் மதிலேறி வந்து அவளுக்கு விலங்கிட்டீர். விதிப்படி அது சரியே.

அவையில் ஆசான் அமலநாதரை வரவழைத்துக் கேட்டோம். அவர் தம் மேல் பழி வரும் என்று அஞ்சி மழுப்பவில்லை. கோடைதோறும் தாம் மந்திரம் ஓத, கோல் பனி உமிழ்ந்தது உண்மை. ஆனால் தம் கையில் குளிர் ஏறியதே இல்லை என்றும், கயிறு பிடித்துப் பின்னால் நிற்பவள்தான் ஒவ்வொரு முறையும் கையை உதறிக்கொள்வாள் என்றும், அதைக் கண்டும் காணாமல் இருந்தது தம் மனச்சோம்பல் என்றும் கூறினார். உடனே நீர் நிறைந்த குடம் ஒன்றை நடுவில் வைத்துச் சோதித்தோம். ஆசான் தனியே ஓதினார். நீர் நீராகவே இருந்தது. புதுக் கயிறு கட்டி அதன் முனையைப் பூவந்தி பிடிக்க அவர் ஓதினார். குடம் விரிசல் விட்டது, உள்ளே கட்டிப் பனி. மந்திரமின்றி அவள் மட்டும் பிடிக்கட்டும் என்று அடுத்த குடத்தை எடுத்துவரச் சொன்னோம்.

அப்போதுதான் அவள் அவையென்றும் பாராமல் குரலை உயர்த்தினாள். கோலைச் சுற்றியுள்ள வெள்ளிப் பூண்களில் ஒன்று, ஒருமுறை பனி உமிழ்ந்தால் கறுத்துப்போகும் என்பதும், மறுபடி வெளுக்க மழைக்காலம் வரவேண்டும் என்பதும் நீர் அறிந்ததே. “கறுத்தது போக மிச்சம் கொஞ்சந்தாங்க ஐயா இருக்கு. அங்க மலைக்கு வேணும். குடத்துல போட்டு வேடிக்கை பாக்காதீங்க” என்றாள். அவையோர் முகம் சுளித்தனர். இவ்வமைச்சனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குடத்தை எடுத்துப் போகச் சொன்னோம்.

ஆக, நடந்தது இதுவே. கருவி மந்திரத்துக்குக் கட்டுப்பட்டதன்று. உறக்கத்தில் தன்னைப் பற்றியிருந்த கைக்குக் கட்டுப்பட்டது. களவைத் தடுக்க நாமே வகுத்த காவல், கோலைக் காவற்காரிக்கே சொந்தமாக்கிவிட்டது. காப்புக் கயிறு வழியாக அவள் கைதான் இத்தனை கோடைகளும் கணவாயைக் காத்தது. அது அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இதை உணர்ந்த நேரம் முதல் இவ்வமைச்சனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமன்னரின் வாய்மை விளக்கு எவர் கையில் உறங்குகிறது, புயல் தணிக்கும் சங்கை எந்தப் பணிப்பெண் பற்றிப் படுக்கிறாள் என்று நாட்டிலுள்ள மடிக்காவலர் அனைவரையும் தேடி ஆளனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவர்களுள் ஒருவர் சென்ற திங்கள் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட்டார் என்று கேள்வி. அது தனிக் கவலை.

மந்திரச் சபையார் இதற்கெல்லாம் அசையவில்லை. உண்மை எதுவாயினும் விதி விதியே. ஓதாத கை இயக்கினால் அக்கை அரசுக்கு உரியது என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. தண்டம் நிறைவேறாமல் கோல் தலைநகரை விட்டு நகர்ந்தால் சபையோர் ஒருவரும் இனி மழைவேள்விக்கு வரமாட்டோம் என்றனர். நாம் கையைத் துணித்தால் கணவாய் எரியும். துணிக்காவிட்டால் வயல் காயும். அந்நேரம் பார்த்து உமது இரண்டாவது தூதன் வந்து விழுந்தான். தீயாளியின் சிறகு ஆறிவிட்டது, புகை சரிவின் அடிப்பகுதிக்கு இறங்கிவிட்டது, சந்தைக்காரர் மதிலுக்கு வெளியிலேயே ஒண்டிக்கிடக்கிறார்கள் என்றான். அதைக் கேட்டதும் பூவந்தி விலங்கோடு எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னபோது, தன்னால் முடியவில்லை, பொறுக்க வேண்டும் என்றாள்.

நின்றபடியே அவள் ஒரு வேண்டுகோள் விடுத்தாள். அதை எழுதும்போதும் நமக்குக் கண் கலங்குகிறது. “கையை எடுக்கிறதுன்னா எடுத்துக்குங்க சாமி. நான் தடுக்கலே. ஆனா அதுக்கு முன்ன ஒரு தூக்கம், கோலை இடக்கையில பிடிச்சுத் தூங்க விடுங்க. இடக்கைக்கும் அது பழகிருச்சுன்னா, அப்புறம் வலக்கையை வெட்டிட்டு என்னை மலைக்கு அனுப்புங்க. சீக்கிரம் அனுப்புங்க.”

 மாமன்னர் அரியணையிலிருந்து எழுந்தவர் மறுபடி அமரவேயில்லை. அவளுக்கு விலங்கு நீக்கி, மேற்கு மண்டபத்தில் பாய் விரிக்கச் சொன்னார். நடுப்பகல். நாழிகை முரசை நிறுத்தினோம். மயில்களைத் தோட்டத்துக்கு அப்பால் விரட்டினோம். யானைக் கொட்டிலில் மணிகளுக்குத் துணி சுற்றினோம். ஒரு நாடே ஒருத்தி உறங்குவதற்காகக் காத்துக்கிடந்தது. அவளோ கோலை இடக்கையில் பற்றிக்கொண்டு, விழித்த கண் விழித்தபடி உத்தரத்தைப் பார்த்துக் கிடந்தாள். கண்ணை மூடினால் பந்தல் எரிகிறது என்றாள். புரண்டாள், எழுந்து நடந்தாள், மறுபடி படுத்தாள். வெட்டுப்படப் போகும் கையைத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு சிறிது அழுதாள். உறங்கிவிட்டாளா என்று இவ்வமைச்சன் நிலைப்படியில் தலையை நீட்டிய ஒவ்வொரு முறையும் அவள் கண்கள் நம்மையே பார்த்தன. “இப்படி வந்து வந்து எட்டிப் பாத்தா எப்படிங்க ஐயா தூக்கம் வரும்?” என்று கேட்டே விட்டாள். அதன்பின் நாம் எட்டிப் பார்க்கவில்லை, வெளியே நடந்தோம்.

ஒருவாறு அயர்ந்து சற்றே கண்ணசந்தாள். பூனை எதுவும் நடக்கவில்லை. தானாகவே திடுக்கிட்டு எழுந்தாள். ஓடிச் சென்று பார்த்தோம். கோல் அவள் வலக்கையில் இருந்தது.

நாம் வாய் திறக்குமுன் அவளே கையை விரித்துக் காட்டி, “தூக்கத்துல கை மாத்திக்கிச்சுங்க. சத்தியமா நான் வேணும்னு பண்ணலீங்க” என்றாள். அவள் வேண்டுமென்று செய்தாள் என்று எவரும் எண்ணவில்லை. இத்தனை காலம் அந்தக் கருங்கல் அறையில் எந்தக் கையில் வைத்து உறங்கச் சொன்னோமோ, உடம்பு அதையே செய்தது. மறுபடி படுக்கவும் அவள் முனைந்தாள். மாமன்னர் வேண்டாம் என்று கையமர்த்தினார்.

பின்னர் மாமன்னர் சபையாரை நோக்கிக் கூறியது வருமாறு. விதியில் ஓர் எழுத்தும் மாறாது. தண்டம் இந்நேரமே நிறைவேறும். பூவந்தியின் வலக்கை இன்று முதல் அரசுக்கு உரியது, அவளுக்கு அன்று. அரசுக்கு உரிய பொருளை எங்கே வைத்துக் காப்பது என்பது அரசின் விருப்பம். அந்தக் கை கணவாயைக் காக்கும் கருவிகளில் ஒன்று என்பதை அவையே கண்டது. மந்திரக் கருவியை மந்திரம் அறியாத ஒருவர் பொறுப்பில்தான் வைக்க வேண்டும் என்று வகுத்ததும் சபையே. ஆகவே அக்கையை இருந்த இடத்திலிருந்து பெயர்க்காமல் அவள் தோளோடே வைக்கிறோம். அதற்கு மடிக்காவலாகப் பூவந்தியையே அமர்த்துகிறோம். இனி அந்தக் கைக்குத் தீங்கு நினைப்பவர், அவர் எவராயினும், அரசுடைமையைக் குலைத்தவர் ஆவர்.

சபைத் தலைவர் தலைவணங்கி ஏற்றுக்கொண்டார். அவருக்கும் உள்ளூர ஆறுதலே என்று நாம் கருதுகிறோம். அவருடைய மருமகனும் உமது சந்தையில் மிளகு விற்கிறான். பூவந்திக்குத்தான் இது உடனே விளங்கவில்லை. வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியானால் இதனால் சோறு பிசைந்து உண்ணலாமா என்று கேட்டாள். உண்ணலாம் என்று மாமன்னர் திருவாய் மலர்ந்தருளினார். அவள் சிரித்ததை அப்போதுதான் முதன்முறையாகக் கண்டோம்.

ஆதலால் மலையரையரே, உமக்கு இடும் கட்டளைகள் இவை. சந்தைக்காரரை இனியும் மதிலுக்கு வெளியே நிறுத்தாமல் கழுதைகளோடு உள்ளே விடுக. முற்றத்தில் நட்ட கட்டையைப் பிடுங்கி, வேறெதற்கும் பயன்படுத்தாமல், எரித்துவிடுக. பூவந்தி மதிலேறும்போது அவள் முன்னே எவரும் நிற்கலாகாது. ஆசான் அமலநாதர் அவளுக்குப் பின்னால், காப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து நிற்பார். அது அவரே கேட்டுப் பெற்ற பணி. மந்திரமும் ஓதுவார். கோலுக்கு அது வேண்டாம் என்பது இப்போது தெரியும். ஆயினும் தம் குரல் கேட்டால் மதிலில் நிற்கும் வீரர் ஓடமாட்டார்கள் என்று அவர் சொன்னது நமக்குச் சரியாகவே பட்டது. தீயாளி தணிந்த பின், கோல் அறைக்கு மேற்கே பார்த்து ஒரு பெரிய சாளரம் திறக்கப்பட வேண்டும். கோடன் விரும்பினால் அங்கேயே தங்கலாம். அவன் கழுதை தங்கலாகாது.

இவ்வளவும் எழுதி முடிக்குமுன்னரே ஒன்று நிகழ்ந்துவிட்டது. அதையும் சேர்த்து எழுதுகிறோம். இலச்சினைக்கான மண் இன்னும் பிசையப்படவில்லை. தூதன் ஓலையோடு புறப்பட, அவனோடு சேர்ந்து அவளும் வருவதாக ஏற்பாடு. வாயிலில் அவளைக் காணோம் என்று காவலர் ஓடிவந்தார்கள். நல்ல நேரம் பார்த்து வருகிறோம், சற்றுப் பொறு என்று சொன்னதற்கு, தலையை ஆட்டிவிட்டு, கோலை மார்போடு கட்டிக்கொண்டு, ஆசானையும் ஒரு குதிரையில் ஏற்றிவிட்டு, குறுக்குவழியில் கிளம்பிவிட்டாளாம். நாம் அவளைத் திரும்ப அழைக்க ஆளனுப்பவில்லை. இவ்வமைச்சனுக்கும் இன்று அவள் புத்திதான்.

எனவே அவள் கையில் இவ்வோலை இராது. விலங்கோடு போனவள் விலங்கின்றி, ஓலையின்றி, அரசின் கோலோடு உமது வாசலில் வந்து நிற்பாள். உமது வழக்கம் நாம் அறிவோம். ஓலை எங்கே என்று கேட்பீர். வரும்வரை நில் என்பீர். தூதன் வந்தாலும் முழுதும் படித்த பின்னரே தாழை எடுப்பீர். அவள் அங்கே நிற்க முடியாமல் நின்றுகொண்டிருப்பாள். பின்னால் சரிவில் புகை இறங்கிக்கொண்டிருக்கும். இதை எண்ணியே இவ்வமைச்சன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறான்.

ஆகவே இலச்சினைக்கு முன் இறுதிக் கட்டளை, இதுவே தலையாய கட்டளை. குன்றும் யாறும் சான்றாக, மாமன்னரின் யாளி இலச்சினை இதன் கீழ்ப் பொறிக்கப்படும். அதைச் சரிபார்க்க நீர் விரும்புவீர். பிறகு பார்க்கலாம். இதை நீர் வாசித்துக்கொண்டிருக்கும் இந்நேரம் அந்தப் பெண் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தால், வாசிப்பை இந்த இடத்திலேயே நிறுத்தி, ஓலையைக் கீழே வைத்துவிட்டு, உமது கையாலேயே கதவைத் திறந்துவிடுக.